‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்ன திரை

“...எந்திரிச்சுப் போனது என் தப்புன்னே எழுதிக்குங்க, பரவால்ல. ஆனா அந்த அண்ணன் மூச்சு வாங்கிக்கிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தாரே, அத யாரு தப்புன்னு எழுதப் போறீங்க?”

இந்தப் பேச்சின் முன்பாதி என்னிடம் இல்லை. நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது ரஹ்மத் அக்கா பாதி பேசி முடித்திருந்தார். என் கையில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். அதை எடுத்துவரச் சொல்லி என்னை எதற்காக வெளியே அனுப்பினார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. மனிதர்கள் சொல்லும் சொல்லைச் சேர்த்துவைப்பது என் பழக்கம். பேருந்து ஓட்டுநர் முணுமுணுத்தது, மீன்கடைக்காரம்மா மீனைப் பார்த்துத் திட்டியது, எல்லாம் மண்டைக்குள் கிடக்கும். அந்தச் சேகரத்தில் தலையில்லாமல் வால் மட்டும் கிடப்பது இது ஒன்றுதான். ஆனால் இதுதான் இன்னும் சூடாக இருக்கிறது.

போன வாரம் மலேசியாவில், ஜொகூர்ப் பக்கம் உலு திராமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மாமியாருக்குக் கண் பார்க்க மருத்துவமனையில் நாள் வாங்க வேண்டும். இப்போது யாரிடமும் கேட்க முடியாதல்லவா, எல்லாம் கைப்பேசிதான். ஒரு பக்கத்தில் அடையாள அட்டை எண், அடுத்ததில் எந்தக் கண், அதற்கடுத்ததில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார். மருந்தின் பெயருக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். மாமியார் மருந்து டப்பாவைத் தேடி, அதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடி, கண்ணாடி தலைமேலேயே இருந்ததைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடித்தார். கண் சரியில்லாதவருக்கு வேறு எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் போட்டு அடுத்த பக்கத்தைத் தட்டினால், உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, தயவுசெய்து மறுபடியும் தொடங்கவும் என்கிறது. அந்தத் தயவுசெய்துதான் என்னை அடித்தது. வாசலில் நிற்பவனின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து வணக்கம் சொல்வது போல.

அந்த நேரம் பார்த்துப் பையன் முட்டையும் கறியும் வைத்து மடித்த ரொட்டியை, முர்தபாவை, கொண்டுவந்து வைத்தான். பக்கத்தில் சின்னத் தட்டில் வினிகரில் ஊறிய வெங்காயம். அந்தப் புளிப்பு வாசம் மூக்கில் ஏறியதும் கடை போய்விட்டது, கைப்பேசி போய்விட்டது, நான் பல வருடம் பின்னால் போய்விட்டேன். கூலாய் பக்கத்தில் ஒரு கடைவீட்டு வரிசையின் கோடியில் இருந்த டயாலிசிஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே ரத்தம் சுத்திகரிக்கும் வடிகட்டிகளைக் கழுவும் மருந்துக்கு அச்சாக இதே வாசம். முதல்நாள் நான் உள்ளே நுழைந்தபோது, யாரோ ஊறுகாய் போடுகிறார்கள் என்று நினைத்தேன். ரஹ்மத் அக்காவிடம் சொல்லியும் விட்டேன். “நல்ல மூக்கு தம்பி உனக்கு, எங்க கடைக்கு வந்துரு” என்றார்.

நான் அங்கே ஊறுகாய்க்காகப் போகவில்லை. அந்த நிலையத்துக்கு எங்கள் கம்பெனி ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய வலைப்பக்கங்கள். நான் அதன் கடைநிலைச் சிப்பாய். அதற்கு முன்னால் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவன். ஜொகூர் பாருவில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான ஜாவா புத்தகம் கிடைத்தது. அதன் முந்தைய சொந்தக்காரர் முதல் சில அத்தியாயங்களில் பென்சிலால் ஆசை ஆசையாகக் கோடு போட்டிருந்தார். அதற்கப்புறம் ஒரு கோடுகூட இல்லை. அவர் கைவிட்ட இடத்திலிருந்து என் கல்வி தன்னந்தனியாக நடந்தது. சான்றிதழ் எதுவும் இல்லாத என்னை வேலைக்கு எடுத்தவர் சொக்கலிங்கம் சார். அந்த நன்றியை மறக்கவில்லை. அவர்மேல் கோபப்படும்போதெல்லாம் இதை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கோபப்படுவேன்.

சொக்கு சார் செட்டிநாட்டுக் குடும்பம். பாட்டனார் வியாபாரத்துக்கு வந்தவர், பேரன் சிங்கப்பூரில் நெடுங்காலம் கணினி வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்து எங்களுக்குத் திட்ட மேலாளர் ஆனார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு, பேச்சின் வாலில் அந்த ஊர் ‘லா’. மூக்கில் எப்போதும் நீர்க்கோப்பு. அதனால் சட்டைப்பையில் மல்லிகை வாசம் போட்ட டிஷ்யூ பாக்கெட் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். எங்கே உட்கார்ந்தாலும் முதல் வேலையாக அதை எடுத்து மேசைமேல் வைப்பார். சிங்கப்பூர்ப் பழக்கம், நம் ஜொகூரிலும் வந்துவிட்டது: சாப்பாட்டு மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த மேசை உங்களுடையது. நீங்கள் வரிசையில் நின்று சோறு வாங்கி வரும்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். பணப்பையை வைத்தால் தூக்கிக்கொண்டு போவார்கள். டிஷ்யூவைத் தூக்க மாட்டார்கள். இந்த மண்ணில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் வேறு பொருளை நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் தொழில் பேச்சு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வலைப்பக்கம் என்பது மறதிக்காரன். உங்களுக்கு ஒரு பக்கத்தைக் கொடுத்த மறுகணம் உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டுப் போனால், நீங்க யாரு என்று புது ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கும். அதனால் நாங்கள் பின்னால் ஓர் ஆணியில் உங்கள் பெயரில் ஒரு பையை மாட்டிவைப்போம். ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் சொன்னது அந்தப் பைக்குள் விழும். இது ஒன்று. இன்னொன்று, தகவலெல்லாம் நிரந்தரமாக இருக்கும் டேட்டாபேஸ். அதோடு பேசுவதற்கு ஒரு லைன் பிடிக்க வேண்டும். லைன்கள் கொஞ்சம்தான் உண்டு, எல்லோரும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். அந்த லைனுக்கு ஒரு குணம். அது நம் கையில் இருக்கும்வரை நாம் மாற்றியதையெல்லாம் நினைவில் வைத்திருந்து, கடைசியில் எழுது என்றால் எழுதும். நடுவில் அது அறுந்து புது லைன் வந்துவிட்டால், புது லைனுக்குப் பழைய நினைவு எதுவும் கிடையாது. எழுது என்றால், எழுத ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, ஆச்சு என்று சொல்லும். இந்த ஒரு குணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை புரிந்துவிடும்.

நிலையத்தில் நோயாளிக்கு இடம் பதிய நான்கு பக்கங்கள். ஆள் யார், எந்த நாள் எந்த நாற்காலி, எந்த வேனில் வருகிறார், சரியா. முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு லைன் திறந்து மூடினோம். வேன் பக்கத்துக்குப் போனால் நோயாளியின் வீட்டு முகவரி வேண்டும். அதை எடுக்கப்போனால் முதல் பக்கத்து லைன் எப்போதோ மூடியாயிற்று, சிவப்பு எழுத்தில் கத்தும். சொக்கு சார் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார். முதல் பக்கத்தில் பிடித்த லைனைக் கடைசிப் பக்கம்வரை விடாதே, அதையும் பைக்குள் போட்டுவை. “டிஷ்யூ வச்சிட்டுப் போற மாதிரி லா. நம்ம எடம் நமக்கு.” அலுவலகத்தில் தட் தட் தட் தட் என்று நான்கு பக்கத்தையும் தட்டிக் காட்டினார். அழகாக வேலை செய்தது. நானும் கைதட்டினேன், மறைப்பானேன்.

அலுவலகத்தில் யாரும் நடுவில் எழுந்து போகவில்லை. அதுதான் விஷயம்.

ரஹ்மத் அக்கா எழுந்து போவார். மூவாரில் சாப்பாட்டுக் கடைக் குடும்பம் அவருடையது. அத்தாவின் கடையில் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் கூலாய்க்கு வந்து இந்தக் கவுண்டருக்கு வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு நோயாளியிடம் கேள்வி கேட்பது அவருக்கு ஆகாது. வேனில் குலுங்கி வந்தவர்கள் முதலில் உட்கார வேண்டும். அப்புறம் சாப்பிட்டீங்களா. அப்புறம் வீட்டில் எல்லோரும் எப்படி. அதற்கப்புறம்தான் எந்த நாற்காலி என்ற பேச்சே வரும். அவருக்கு நாற்காலி என்றால் எண் கிடையாது, பக்கத்தில் யார் என்பதுதான். ஒரு மலாய்க்காரப் பெரியவரும் ஒரு சீனத்து அம்மாவும் அங்கே வருவார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாகப் புரியாது. ஆனால் இருவரும் ஒரே தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து ஒரே இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். “அவங்களப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறுது தம்பி” என்பார் அக்கா. அது மருத்துவம்தானே? எந்தப் பக்கத்தில் அதற்குக் கட்டம் வைத்தோம் நாங்கள்?

ஆக, அக்கா இரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போவார். பேசிவிட்டு வந்து மூன்றாம் பக்கம். மறுபடி எழுந்து போய் வேனைப் பற்றிக் கேட்பார். அவ்வளவு நேரமும் லைன் அவர் பெயரில் பிடித்தபடியே கிடக்கும். உள்ளே மிஸ்ஸிகள், அதாவது நர்சுகள், அவர்களும் தங்கள் கணினியில் அதே மாதிரி பாதியில் விட்டு ஊசி போட ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லா லைனும் யாரோ ஒருவர் பெயரில் சும்மா கிடக்கும். புதிதாகக் கேட்பவருக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடையில் எல்லா மேசையிலும் டிஷ்யூ இருக்கிறது, சாப்பிட ஆளைக் காணோம், வாசலில் கூட்டம் நிற்கிறது. அக்காவிடம் இதை இப்படிச் சொன்னேன். “எங்கண்ணன் கடையில ஆர்டர் எடுக்கறவன் மேசையவா புடிச்சு வைக்கிறான்? மூஞ்சிய ஞாபகம் வச்சிருப்பான். நீ எந்த மேசைக்கு மாறினாலும் ஒன் தேத்தண்ணி ஒங்கிட்ட வரும்” என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

புகார் போனது. சொக்கு சார் இரண்டாவது வைத்தியம் செய்தார். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும் லைன்களைச் சத்தமில்லாமல் அறுத்துப்போட ஒரு துண்டு நிரல் எழுதச் செய்தார். மேசையில் கிடக்கும் டிஷ்யூவைத் துடைத்துக்கொண்டு போகும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றுவது நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

வீரப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்டார் தெங்காராவிலிருந்து வருவார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரம் தவறாமல் வேனில் வந்து மிஷினில் படுக்க வேண்டிய நிலை. அவருக்கு ஜன்னலோர நாற்காலிமேல் ஒரு கண். அங்கிருந்து பெரிய சாலை தெரியும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு விமர்சனம் வைத்திருப்பார்: லோடை ஒரு பக்கமாக ஏற்றிவிட்டான், கயிறு கட்டத் தெரியவில்லை, இவனெல்லாம் யாரிடம் தொழில் பழகினான். “மிஷினு ரத்தத்தத்தான் கழுவுது தம்பி. நேரத்த யாரு கழுவுறது?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். பதில் அவரே சொன்னார்: லாரி.

அவர் வரும் மத்தியான ஷிப்டில் அந்த ஜன்னலோர நாற்காலி காலியானது. அந்த நேரத்துக்கு அது ஒன்றுதான் காலி. அக்கா அவருக்கென்று எடுத்து, வழக்கம்போல எழுந்துபோய் அவரிடம் பேசி, வேன்காரரிடமும் கேட்டு, திரும்பி வந்து கடைசிப் பக்கத்தைத் தட்டினார். பச்சை எழுத்தில் வந்தது: சேமிக்கப்பட்டது. சீட்டும் அச்சாகி வந்தது. அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவருடைய பழைய நாற்காலி வேறொருவருக்குப் போனது.

டேட்டாபேஸில் எதுவும் எழுதப்படவில்லை. அக்கா பேசிக்கொண்டிருந்தபோது லைன் அறுக்கப்பட்டது. அவர் தட்டியபோது ஒரு புது லைன் வந்து, ஒன்றுமில்லாததை எழுதிவிட்டு, ஆச்சு என்றது. திரை அதை நம்பியது. திரையை அக்கா நம்பினார். அக்காவை அண்ணன் நம்பினார். அன்று சாயந்தரமே உள்ளிருந்த ஒரு மிஸ்ஸி, கணினி காலி என்று காட்டிய அதே நாற்காலியை உலு திராமிலிருந்து வரும் பாக்கியம் என்ற அம்மாவுக்குக் கொடுத்தார். அவர்மேல் என்ன குற்றம்?

அண்ணன் வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தபோது பாக்கியம்மா ஊசி குத்திப் படுத்திருந்தார். நாற்காலிக்கு இரண்டு பேர் என்று தெரிந்ததும் அந்த அம்மா பதறி எழப் பார்த்திருக்கிறார். “அட, பஸ்ஸுல எடம் குடுக்கிற மாதிரி எந்திரிக்காதம்மா, படு” என்று சொல்லிவிட்டு அண்ணன் வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறி, ஒரு சொல் பேசினால் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். அடுத்த ஷிப்ட் தொடங்கும்வரை அப்படியே. மிஸ்ஸிகள் தலைக்குத் தலையணை வைத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மிஷின் வைக்க மட்டும் இடம் இல்லை. மிஷினில் படுத்து எழுந்தபோது பண்டார் தெங்காரா வேன் போய்விட்டது. அக்காவின் வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு வந்து கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் என்னை அனுப்பினார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் செய்வது போலவே செய்யுங்கள் என்றேன். அவர் ஒரு போலிப் பெயரில் பதிந்து, எழுந்து போய், ஒரு கிழவருக்குப் போர்வை சரி செய்துவிட்டு வந்து தட்டினார். சேமிக்கப்பட்டது. நான் என் பக்கத்துக் கணினியில் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். காலி. இன்னொருமுறை செய்யச் சொன்னேன். மறுபடியும் பச்சை, மறுபடியும் காலி.

“அப்ப இது பொய் சொல்லுதா தம்பி?”

“ஆமாக்கா.”

“ஆளு மூஞ்சியப் பாத்துக்கிட்டேவா?”

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். தப்பு வராத மென்பொருள் கிடையாது. நான் எழுதியதில் வந்த தப்புகளைப் பட்டியல் போட்டால் நீங்கள் இந்தக் கட்டுரையை மூடிவிடுவீர்கள். ஆனால் தெரியவில்லை என்று சொல்ல ஒரு சிவப்பு எழுத்துக்கு என்ன பஞ்சம்? முடிந்ததா முடியவில்லையா என்று பார்க்காமலே ஆச்சு என்று சொல்லும் மனிதனை நாம் வேலைக்கு வைப்போமா? பிடித்துவைக்க வேண்டியது அந்த மனிதர் கேட்ட இடத்தை. நாங்கள் பிடித்துவைத்தது லைனை. பிறகு இரண்டையும் விட்டுவிட்டோம். செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். பக்கம் பக்கமாகச் சொன்னதைப் பைக்குள் வைத்துக்கொள், லைனை அப்போதைக்கப்போது விட்டுவிடு. கடைசியில் புது லைன் பிடித்து, இடையில் வேறு யாராவது அந்த நாற்காலியை எடுத்துவிட்டார்களா என்று பார். எடுத்திருந்தால் சொல். எடுக்கவில்லையென்றால் எழுது, எழுதியதைப் பார்த்துவிட்டுப் பிறகு பச்சை காட்டு. மூவார்க் கடையில் ஆர்டர் எடுப்பவர் செய்வதுதான். அவரும் கடைசி மீன் தலை வேறு மேசைக்குப் போய்விட்டதென்றால் வந்து சொல்லிவிடுவார், வெறும் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடுங்க என்று சொல்ல மாட்டார்.

இதைக் காரில் வரும்போது சொக்கு சாரிடம் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். சிக்னலில் நின்றபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு, “கஸ்டமர் முன்னாடி இதப் பேசாத. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். மெதுவா சரி பண்ணிக்கலாம்” என்றார். பிறகு எனக்கு இன்றைக்கும் பொறுக்காத ஒன்றைச் சொன்னார். “நாலு பக்கம் தட்டுற வேலை. நடுவுல எந்திரிச்சு ஊர்க்கதை பேசப் போனா சிஸ்டம் என்ன செய்யும் லா?”

ஊர்க்கதை. வேனில் வாந்தி எடுத்தாரா என்று கேட்பது ஊர்க்கதை. கால் வீக்கம் கூடியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது ஊர்க்கதை.

அண்ணனின் அடுத்த முறைக்கான நாளில், காலையில் தொடங்கி மத்தியானம்வரை இழுத்தது நிலையத்தின் நிர்வாகக் குழுக் கூட்டம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்லவர், கணினி என்றால் பள்ளித் தேர்வு முடிவு மாதிரி, வந்தது வந்ததுதான் என்று நம்புகிறவர். சொக்கு சார் டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். அதையே காட்டி, மேசையில் டிஷ்யூவை வைத்துவிட்டு ஆள் ஊருக்கே போய்விட்டால் கடைக்காரன் என்ன செய்வான் என்று கேட்டார். குழுவில் சிலர் சிரித்தார்கள். இது பயனர் தவறு, பயிற்சி வேண்டும், பயிற்சி முடியும்வரை மேடம் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளட்டும், இடம் பதிவதை ஜொகூர் பாரு அலுவலகத்திலிருந்து நாங்களே போனில் செய்து தருகிறோம் என்றார். அதுவரை கணினியில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு என்றார் தலைவர். கணினியில் இருந்தது பாக்கியம்மாவின் பெயர். அப்படியென்றால் அன்று மத்தியானம் வேனில் வந்துகொண்டிருந்த வீரப்பன் அண்ணன் மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போக வேண்டும். இனி என்றைக்கும் வேன் ஓடாத சாயந்தர ஷிப்டுக்குத்தான் அவர் வந்தாக வேண்டும்.

அக்கா அதற்குள் பாக்கியம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டிருந்தார். மத்தியானம் என்றால் மகன் வேலைக்கு நடுவில் ஓடி வந்துதான் காரில் கூட்டி வரவேண்டும், சாயந்தரம் என்றால் எனக்கு இன்னும் நல்லது என்றிருக்கிறார் அந்த அம்மா. இவ்வளவுதான். ஒருவர் ஒருவரைக் கேட்டால் தீர்ந்துபோகும் காரியம். அதைத் தலைவரிடம் சொன்னபோது, கவுண்டரிலிருந்து ஆளாளுக்கு மாற்ற ஆரம்பித்தால் ஒழுங்கு போய்விடும் என்றார்.

நான் எழுந்தேன். என் ஆங்கிலம் அப்போது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஆனாலும் சொன்னேன்: இவர் சரியாகத்தான் செய்தார், எழுதாமலே எழுதியதாகச் சொன்னது எங்கள் திரை, நான் இரண்டு முறை பார்த்தேன். சொக்கு சார் என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். “புதுப் பையன், ஆர்வம் ஜாஸ்தி” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, புரொஜெக்டர் போடணும். கார்ல எக்ஸ்டென்ஷன் வயர் இருக்கு, எடுத்துட்டு வா.”

புரொஜெக்டருக்கு வயர் எட்டிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைன் விஷயத்தை நான் சரி செய்தேன். எங்கள் அறிக்கையில் அதற்குப் பெயர் செயல்திறன் மேம்பாடு. பயனர் தவறு என்று முதல் அறிக்கையில் எழுதியதை யாரும் அடிக்கவில்லை. இன்றும் எந்தக் கோப்பிலாவது அது அப்படியே கிடக்கும். அக்காவை ஸ்டோர் ரூமுக்கு அனுப்ப முடியவில்லை. அவர் பல வருடம் அந்தக் கவுண்டரிலேயே இருந்து, பிறகு தன் கூடப்பிறந்த அண்ணனுக்கு முடியாமல் போனபோது மூவார்க் கடைக் கல்லாவுக்குத் திரும்பினார். எங்கள் கம்பெனி வேறொரு கம்பெனிக்குள் போய், அது இன்னொன்றுக்குள் போய், இப்போது பெயரே இல்லை. நான் பென்சில் கோடில்லாமல் படித்த அந்தப் புத்தகத்தை என் மகன் மானிட்டருக்கு அடியில் உயரத்துக்கு வைத்திருக்கிறான்.

முர்தபா சாப்பிட்ட மறுநாள், மனம் கேட்காமல் கூலாய்ப் பக்கம் வண்டியை விட்டேன். நிலையம் இருக்கிறது. வினிகர் வாசம் இருக்கிறது. கவுண்டர் இல்லை. அது இருந்த இடத்தில் குளிர்பானம் விற்கும் மிஷின் ஒன்று நிற்கிறது. நோயாளிகள் கைப்பேசியில் பதிகிறார்கள்; எண் வருகிறது; எண் சொல்லும் நாற்காலியில் படுக்கிறார்கள். காதில் ஆளுக்கொரு கருவி. யாரும் யாரோடும் சேர்ந்து பெருமூச்சு விடவில்லை. ஜன்னல்மேல் வெயிலுக்கு ஒரு விளம்பரத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. லோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வீரப்பன் அண்ணனும் இல்லை. வெளியே வரும்போது, வாசலில் ஒரு பாட்டி பேரனின் கைப்பேசியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு நின்றார். மறுபடியும் மொதல்லேர்ந்தா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. எந்திரிச்சுப் போன மனிதரைக் குற்றம் சொல்லும் திரை மட்டும் ஒழியவில்லை பாருங்கள். அதற்கு இப்போது தயவுசெய்து என்று சொல்லத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

அதனால் அந்த அறைக்கே திரும்பிப் போகிறேன். நான் வயரோடு கதவருகில் நிற்கிறேன். அத யாரு தப்புன்னு எழுதப் போறீங்க என்று அக்கா கேட்டாயிற்று. தலைவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். சொக்கு சார் வாயைத் திறக்கிறார். வெளியே பண்டார் தெங்காரா வேன் வந்து நிற்கும் சத்தம்.

ரஹ்மத் அக்கா பதிலுக்கு நிற்கவில்லை. மேசைமேல் சொக்கு சாரின் முன்னால் கிடந்த மல்லிகை டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தார். என்னைத் தாண்டி, மிஸ்ஸிகளைத் தாண்டி நேராக நடந்து போய், ஜன்னலோர நாற்காலியின் நட்டநடுவில் அதை வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், வீரப்பன் அண்ணன் வேனிலிருந்து இறங்கக் கை கொடுத்தார். சாப்பிட்டீங்களாண்ணே என்று கேட்டார்.